உயர்த்திய வண்டியின் ஸ்டியரிங்கை வீட்டிலேயே சரிசெய்வது: உப்புக்காற்றுக் கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் வழியில் ஒரு சின்னப் பாலத்தின் இறக்கம். என் ஜிப்ஸி அதில் இறங்கி ஏறியபோது நான் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. வண்டி தானாக ஒரு முழம் ஓரமாகப் போய், மறுபடி பழைய வழிக்கு வந்தது. எதிரே ஐஸ் ஏற்றிய மீன் லாரி வந்துகொண்டிருந்தது. அன்று இரவே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஒரு பட்டறையில் வண்டியை உயர்த்தியிருந்தார்கள். ஆக்ஸிலுக்குக் கீழே இருந்த பட்டை ஸ்பிரிங்கை மேலே ஏற்றிக் கட்டியதில் 5 அங்குலம் உயர்ந்திருந்தது. ஸ்டியரிங்கில் கை வைக்கவே இல்லை.

வண்டி உயர்த்துபவர்களில் பலருக்கும் இதுதான் நடக்கிறது. ஸ்டியரிங் இறுகிவிட்டது என்று உடனே பவர் ஸ்டியரிங் தேடிப் போகிறார்கள். என் ஸ்டியரிங் கம்பியைக் கடைந்து கொடுத்த லேத்துக்காரர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, கோணத்தைச் சரி பண்ணாம மோட்டாரை வச்சா, தப்பாத் திரும்புறதுதான் லேசாத் திரும்பும்." முதலில் கோணம், அடுத்து ஆட்டம், கடைசியில்தான் பலம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

முன்பக்கம் முழு ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப் வகைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஜிம்னியில் முழு ஆக்ஸில் இருந்தாலும் காயில் ஸ்பிரிங். அதற்கான வேறுபாட்டை உரிய இடத்தில் சொல்கிறேன். 2020இல் வந்த புதிய தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குபவை. அதற்கு இங்கே சொல்லும் கோணக் கணக்கு பொருந்தாது.

தொடங்கும் முன் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. உயர்த்திய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டுச் சிக்கலில் மாட்டினால், நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருந்தாலும் அது உதவாது.

உயர்த்தியதால் என்ன கெட்டது

ஸ்டியரிங் பெட்டி சேஸிஸில் இருக்கிறது, சக்கரம் ஆக்ஸிலில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது டிராக் லிங்க் என்ற நீளக் கம்பி. கம்பெனியில் வந்தபோது அது ஏறக்குறையக் கிடையாக இருந்தது. வண்டியை உயர்த்தியதும் பெட்டி மேலே போய்விட்டது, ஆக்ஸில் கீழேயே நின்றது. கம்பி சரிந்துவிட்டது.

அந்தச் சரிவு செய்யும் கேடு கணக்குப் போட்டால்தான் தெரியும். கம்பியின் நீளம் 900 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பி கிடையாக இருக்கையில் ஆக்ஸில் 50 மி.மீ. மேலே எழும்பினால், பக்கவாட்டில் அதன் நீட்டம் 1.4 மி.மீ. மட்டுமே மாறும். கம்பி ஏற்கெனவே 100 மி.மீ. சரிந்திருந்தால் அதே 50 மி.மீ. எழும்பலுக்கு 4.2 மி.மீ. மாறும். 150 மி.மீ. சரிந்திருந்தால் 7 மி.மீ. சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் கை 150 மி.மீ. நீளம் என்றால், அந்த 7 மி.மீ. சக்கரத்தை ஏறக்குறைய 2.7 டிகிரி திருப்பிவிடும். நீங்கள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கும்போதே, ஒரு பள்ளத்தில் இறங்கியதற்காக இவ்வளவு திருப்பம். எனக்கு மண்டபம் சாலையில் நடந்தது இதுதான்.

இரண்டாவது கேடு காஸ்டர் கோணத்தில். சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக இருக்கும் கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்சாய்ந்திருப்பதால்தான் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் ஷேக்கிள் முன்பக்கம் உள்ள வண்டியில் நீள ஷேக்கிள் போட்டு உயர்த்தினால் ஆக்ஸிலின் மேற்பகுதி முன்னே சாயும், காஸ்டர் குறையும். வண்டி நெடுஞ்சாலையில் அலைபாயும், திருப்பினால் திரும்பி வராது. பட்டையை மேலே ஏற்றிக் கட்டிய வண்டியில், புதிய இருக்கைத் தகட்டை எந்தக் கோணத்தில் வெல்டிங் செய்தார்களோ அதுதான் உங்கள் காஸ்டர். பல பட்டறைகளில் கண்ணளவில் வைத்துப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

பெரிய டயரும், சக்கரத்தை வெளியே தள்ள இடையில் வைக்கும் வீல் ஸ்பேசரும் சேர்ந்தால் சக்கரத்தின் மையம் கிங் பின் கோட்டிலிருந்து வெளியே தள்ளிப் போகும். ஒவ்வொரு கல்லும் கையில் உதைக்கும். ஸ்பேசரைக் கழற்றிப் போட்டால் பாதித் தொல்லை தீரும். நான் கழற்றிவிட்டேன், மறுபடி மாட்டவில்லை.

முதல் நாள்: எதுவும் வாங்காமல் பரிசோதனை

ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். சக்கரம் தரையில் இருக்க வேண்டும், என்ஜின் அணைந்திருக்க வேண்டும். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வோர் இணைப்பிலும் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். மேலிருந்து கீழாக வாருங்கள்: ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் காலம் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட், பெட்டிக்குள் போகும் தண்டு, பெட்டியிலிருந்து வெளிவரும் செக்டர் தண்டு, அதில் மாட்டி டிராக் லிங்க்கை அசைக்கும் பிட்மேன் கை, டிராக் லிங்க்கின் இரு முனை, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் இரு முனை. பெட்டியைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி டார்ச் அடித்து மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கத்துச் சேஸிஸ்களில் உப்பு அரித்து, பெயின்ட்டுக்குக் கீழே பொருக்காக நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் சேஸிஸைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் தேய்ந்தது வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங்.

தேய்ந்தது எதுவோ அதை முதலில் மாற்றுங்கள். பழைய ஆட்டத்தோடு புதிய கம்பியைப் போட்டால் கோளாறு எங்கே என்றே தெரியாமல் போகும்.

பெட்டியில் ஆட்டம் என்றால் மேலே உள்ள சரிசெய்யும் திருகைத் தொடலாம், ஆனால் சக்கரம் நேராக இருக்கும் நிலையில் மட்டும். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பெட்டிக்குள் நடுநிலையில்தான் பற்கள் மிக நெருக்கமாக இருக்கும். சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இறுக்கினால், நேராக வரும்போது பெட்டி இறுகிப்பிடிக்கும்.

இடமும் சாமானும்

நம் முற்றம் பெரும்பாலும் மணல். ஜாக்கி சாயும். நான் இரண்டு அங்குலத் தடிப்புள்ள பழைய வள்ளப் பலகையை ஜாக்கிக்கும் ஆக்ஸில் ஸ்டாண்டுக்கும் அடியில் போட்டுக்கொள்கிறேன். சிமென்ட் தரை கிடைத்தால் அதைவிட நல்லது. செங்கலையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுக்காதீர்கள். பாரம் ஏறினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

இதுபோக டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசை அளந்து இறுக்கும் ஸ்பானர்), பிட்மேன் கைக்கான புல்லர், இரண்டு சுத்தியல், கோணம் பார்க்கும் டிஜிட்டல் மானி, இஞ்ச் டேப், சாக்பீஸ், கொஞ்சம் தங்கூசி நரம்பு. நரம்பு கடற்கரையில் எந்த மீன்வலைக் கடையிலும் கிடைக்கும். சக்கர நேர்மை பார்க்க அதைவிட நேரான கோடு வேறில்லை.

எந்த மாற்றம், எவ்வளவு உயரத்துக்கு

2 அங்குலம் வரை உயர்த்தியிருந்தால், கீழ்நோக்கி வளைந்த பிட்மேன் கையே பெரும்பாலும் போதும். பெட்டிப்பக்க முனை தாழ்வதால் கம்பி மறுபடி கிடைக்கு வரும். ஆனால் அந்த வளைவு செக்டர் தண்டின் மேல் கூடுதல் முறுக்கலையும் சாய்ப்பையும் ஏற்றும். பெரிய டயரோடு பாறைநிலத்தில் ஓட்டுபவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

4, 5 அங்குலம் என்றால் இரண்டு வழி. ஒன்று, இசட் எழுத்துப்போல வளைத்த டிராக் லிங்க். விலை குறைவு, மாட்டவும் எளிது. ஆனால் வளைந்த கம்பி தள்ளும்போதும் இழுக்கும்போதும் ஸ்பிரிங் போல நெளியும், அந்த நெளிவு கையில் தெரியும். மற்றொன்று, நக்கிளின் மேல்பக்கம் மாட்டும் உயர் கை. கம்பி நேராகவே இருக்கும், உயரத்துக்குப் போய்விடும், கல்லும் சீமைக்கருவேலக் கட்டையும் அதைத் தொடாது. செலவு கூடினாலும் இதையே செய்யுங்கள். நான் முதலில் வளைந்த கம்பி போட்டேன். பிறகு உயர் கைக்கு மாறினேன். முதலிலேயே உயர் கை போட்டிருந்தால் வளைந்த கம்பிக்குக் கொடுத்த காசு மிச்சமாகியிருக்கும்.

ஜிம்னிக்காரர்களுக்கு: உங்கள் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது பானார்ட் கம்பி. டிராக் லிங்க்கும் அதுவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பிட்மேன் கையை மட்டும் தாழ்த்திவிட்டு பானார்ட் கம்பியை அப்படியே விட்டால், இருந்ததைவிட மோசமாகும். இரண்டையும் ஒரே அளவு தாழ்த்துங்கள்.

கம்பி செய்யக் கொடுக்கும்போது

டை ராட்டும் டிராக் லிங்க்கும் சீம்லெஸ் குழாயில் செய்யப்பட வேண்டும். வெளிவிட்டம் 32 மி.மீ., சுவர்த்தடிப்பு 5 மி.மீ. என்றால் இந்த எடை வண்டிக்குத் தாராளம். ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி மறை இருந்தால்தான், வண்டியில் மாட்டியபடியே குழாயைச் சுழற்றி நீளத்தைச் சரிசெய்ய முடியும். ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் இடப்புரி மறை வெட்டித் தரும் லேத்துகள் உண்டு. கொடுக்கும்போதே "ஒரு பக்கம் இடப்புரி" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னதை மறந்து இரண்டு பக்கமும் வலப்புரி வெட்டிவிட்டால் குழாய் வீண். முனையின் மறை, அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது குழாய்க்குள் போக வேண்டும். லாக் நட் கட்டாயம்.

பழைய கம்பியை வெட்டி நீட்டி வெல்டிங் செய்யாதீர்கள். பிட்மேன் கையைப் பழுக்கக் காய்ச்சி வளைக்காதீர்கள். கம்பெனியில் பதப்படுத்திய இரும்பு, சூடு ஏறினால் அந்தப் பதத்தை இழந்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஒரு நாள் பட்டென்று முறியும். ஸ்டியரிங்கில் ஒரு துண்டு முறிந்தால் பிடிக்க வேறொன்றும் இல்லை.

டை ராட் முனையின் கூம்பு, நக்கிளின் துளையில் சரியாக உட்கார வேண்டும். எல்லா வண்டியின் கூம்பும் ஒரே சாய்வு இல்லை. கூம்பில் மார்க்கர் மை பூசி, துளையில் அழுத்திச் சுற்றி எடுங்கள். மை சுற்றிலும் சீராக அழிந்திருந்தால் பொருத்தம். மேலோரத்திலோ கீழோரத்திலோ மட்டும் அழிந்திருந்தால் அது வேண்டாம். துளை போதவில்லை என்று நேர் டிரில்லால் பெரிதாக்குவது கொலைக்குச் சமம். அதற்கென்று கூம்பு ரீமர் இருக்கிறது.

ரப்பர் உறை இல்லாத, திறந்த கோள மூட்டு முனைகளை இந்தக் கரையில் போடாதீர்கள். மணலும் உப்பும் நேராகப் பந்துக்குள் போய், சில மாதங்களில் கடகடவென்று ஆடத் தொடங்கும். உறை போட்ட, கிரீஸ் நிப்பிள் உள்ள சாதாரண முனையே நமக்கு ஏற்றது.

கழற்றி மாட்டுதல்

முதல்நாள் இரவே எல்லா நட்டிலும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பள்ளம் வெட்டிய கோட்டை நட்டின் ஸ்பிளிட் பின்னை உருவியபின் நட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். பிறகு நக்கிள் கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் கூம்பு கழன்று நட்டில் தொங்கும். கவட்டைக் கருவியை உள்ளே அடித்துக் கழற்றினால் ரப்பர் உறை கிழிந்துபோகும்.

பிட்மேன் கையைக் கழற்றும் முன், கைக்கும் செக்டர் தண்டுக்கும் சேர்த்து உளியால் ஒரு கோடு போடுங்கள். டிராக் லிங்க்கைக் கழற்றியபின் ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லச் சுற்றி எண்ணுங்கள். அதில் பாதிதான் பெட்டியின் நடு. அந்த நடுவில் வைத்து, சக்கரங்களை நேராக்கி, இரண்டுக்கும் நடுவே பொருந்தும்படி டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கிறது என்று அதைக் கழற்றி வேறு பல்லில் மாட்டினால், பார்க்க நேராக இருக்கும். பெட்டி நடுவில் இருக்காது.

முறுக்குவிசை அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுங்கள். சொன்ன அளவுக்கு இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேர்வரவில்லை என்றால், அடுத்த பள்ளம் வரும் வரை மேலும் இறுக்குங்கள். ஒருபோதும் பின்னுக்குத் தளர்த்தாதீர்கள். பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள்.

மாட்டியதும், சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலும், முழுக்க அமுங்கிய நிலையிலும், இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கம்பி பட்டையைத் தொடுகிறதா, ஒன்றையொன்று தொடுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? நக்கிளில் உள்ள தடுப்பு போல்ட் பெட்டியின் உள்முனைக்கு முன்பே தட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிதான் அடிவாங்கும். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

காஸ்டரும் டோ-இன்னும்

காஸ்டரை நக்கிளின் தட்டையான பரப்பில் கோணமானி வைத்துப் பார்க்கலாம். வண்டி சமதளத்தில், சொந்தச் சக்கரங்களில் நிற்க வேண்டும். இந்த வகை வண்டிகளுக்கு 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் ஓட்ட நன்றாக இருக்கும். குறைந்தால் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வையுங்கள். இரும்பு ஆப்பு வாங்குங்கள். அலுமினியம் நசுங்கி வெடிக்கும். ஆப்பு வைத்தால் நடுப் போல்ட் நீளமாக வேண்டும், யூ போல்ட்டும் புதிது வேண்டும். காஸ்டரைக் கூட்டும் அளவுக்கு முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே சாயும், முன் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் கோணம் கூடும். அதனால் தேவைக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

டோ-இன் என்பது முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்பது. அதைப் பார்க்க, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றியபடி டயரின் நடுவில் சாக்பீஸ் பூசுங்கள். ஆணியை அசையாமல் பிடித்து மெல்லிய கோடு கீறுங்கள். இரண்டு டயரிலும் செய்தபின் வண்டியை இறக்கி, சில அடி முன்னே தள்ளி நிறுத்துங்கள், பின்னே தள்ளாதீர்கள். ஆக்ஸில் உயரத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுக்குக் கோடு அளவெடுங்கள். முன் அளவு 2 முதல் 4 மி.மீ. குறைவாக இருந்தால் போதும். பின்சக்கரத்தோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தங்கூசி நரம்பைப் பின் டயரிலிருந்து முன் டயர் வரை இழுத்துக் கட்டிப் பாருங்கள்.

உதறலும் பவர் ஸ்டியரிங்கும்

60 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு உதறினால், முதலில் உதறலை அமுக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றத்தான் எல்லோருக்கும் தோன்றும். புது டேம்பர் உதறலைச் சில வாரம் மறைக்கும். உண்மைக் காரணம் தேய்ந்த முனை, கிங் பின் பேரிங், பேலன்ஸ் இல்லாத டயர், குறைந்த காஸ்டர், இவற்றில் ஒன்றுதான். அவற்றைத் தீர்த்தபின் டேம்பர் போடுங்கள்.

கோணமும் ஆட்டமும் சரியான பிறகும் இறுக்கமாக இருந்தால், அதிலும் மணலுக்காகக் காற்றை 16 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கும்போது, பவர் ஸ்டியரிங் நியாயமான தேவைதான். சிறிய கார்களின் மின் மோட்டார் உள்ள ஸ்டியரிங் காலம் தண்டை ஜிப்ஸியில் மாட்டுவது பலரும் செய்வது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கேபிளும், அதற்கேற்ற பியூஸும் கொடுங்கள். சாவித் துவாரத்து ஒயரில் சேர்க்காதீர்கள். கண்ட்ரோல் பெட்டியைத் தரையிலிருந்து உயரே, தண்ணீர் எட்டாத இடத்தில் பொருத்துங்கள். நடுத்தண்டின் இரு யுனிவர்சல் ஜாயிண்ட் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சுற்றில் இரு இடத்தில் இறுகும். தண்டை இணைப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். பல் வெட்டிய இணைப்பியைக் கடைந்து வாங்கி, குறுக்குப் போல்ட்டால் பிடியுங்கள்.

ஓட்டிப் பார்த்தல், பிறகு உப்பு

முதலில் வீட்டு வாசலில், பிறகு ஆளில்லாத கண்மாய்க் கரையில் 20 கி.மீ. வேகத்தில். அடுத்து 40, அடுத்து 60. ஒவ்வொரு வேகத்திலும் பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். பாம்பன் பாலத்தைச் சோதனைக் களமாக வைக்காதீர்கள். அங்கே குறுக்குக் காற்றுக்கு உயர்ந்த வண்டி சும்மாவே தள்ளப்படும், கோளாறு எது, காற்று எது என்று பிரிக்க முடியாது. 50 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும், யூ போல்ட்டையும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள். 500 கி.மீ.யில் இன்னொரு தடவை.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும் முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல்நீரிலும் ஆள் ஏற்றிப்போன வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, உப்பு இரும்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஈர மணலில் ஓட்டிவந்த அன்றே கழுவ வேண்டும். ஆனால் எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். நம் ஊர்களில் பாதி போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் ஸ்டியரிங் மூட்டுகளுக்கு இரண்டு குடம் போதும்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். உறையின் ஓரத்தில் பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறி, புதியது தெரியும் வரை அடிக்க வேண்டும். படகுக்குப் பயன்படும் நீர்தாங்கும் கிரீஸ் நல்லது. அதற்கு மாறுவதென்றால் பழையதை முழுக்க வெளியேற்றிவிட்டு மாறுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் நீர்த்து ஒழுகும். உறையில் கீறல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். உறைக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், முனைக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும்.

ஜனவரியிலிருந்து கோடை தொடங்கும் வரை இந்தக் கரையில் ஆமை முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் அலை ஓரத்து மணலில் வண்டி இறக்காதீர்கள். டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் அங்கேயே காய்ந்துபோகும்.